சன்னலுக்கு எதிரே ஒரு குன்று

ஜெருசலேமின் தென்மேற்கே கத்தமோனிம் என்றொரு பழைய குடியிருப்புப் பகுதி இருக்கிறது. வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் ஈரானிலிருந்தும் வந்த யூதர்களுக்காக அரசு அவசர அவசரமாகக் கட்டிய நீண்ட பெட்டி போன்ற கட்டடங்கள் நிறைந்த பகுதி அது. அங்கே, லிஃப்ட் இல்லாத நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்தில், 2019 அக்டோபர் முதல் 2023 ஆகஸ்ட் வரை நான் குடியிருந்தேன். ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் கிவாத் ராம் வளாகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்காகச் சென்றவன் நான். என் உதவித்தொகைக்குள் அடங்கிய வாடகை அந்த வீட்டுக்குத்தான் இருந்தது.

காலையில் சமையலறைச் சன்னலைத் திறந்தால், பள்ளத்தாக்குக்கு அப்பால் உள்ள குன்றின் முகட்டில் வரிசையாக நிற்கும் அடுக்குமாடிக் கட்டடங்களும், அவற்றுக்கு நடுவே முப்பது மாடியளவுக்கு உயர்ந்து நிற்கும் ஒரு கோபுரமும் தெரியும். பிரிட்டிஷார் காலத்தில் வந்த விதிப்படி இந்த நகரத்தின் கட்டடங்கள் எல்லாம் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல் போர்த்தியவையாக இருக்க வேண்டும் என்பதால், அந்தக் கோபுரமும் மாலை வெயிலில் மற்றவற்றைப் போலவே தேன் நிறமாகத்தான் மாறும். அதன் பெயர் ஹோலிலேண்ட். இஸ்ரேலில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் புனித பூமி எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. லஞ்சம்தான் நினைவுக்கு வருகிறது.

அந்தக் குன்றின் மேல் முன்பு அதே பெயரில் ஒரு விடுதி இருந்தது. 1948 போரில் தம் மகனை இழந்த அதன் உரிமையாளர், மகனின் நினைவாக, இரண்டாம் ஆலயக் காலத்து ஜெருசலேமை ஐம்பதில் ஒரு பங்கு அளவில் கல்லால் செய்து தோட்டத்தில் வைத்திருந்தார். 1966 முதல் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்துச் சென்ற மாதிரி நகரம் அது. 2006இல் அதைப் பகுதி பகுதியாகப் பெயர்த்து இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விடுதிக்கென ஒதுக்கப்பட்டிருந்த குன்றில், முதலில் அனுமதிக்கப்பட்டதைவிடப் பல மடங்கு பெரிய குடியிருப்பு எழுந்தது. 2010 ஏப்ரலில் கைதுகள் தொடங்கின. 2014 மார்ச் 31 அன்று டெல் அவிவ் மாவட்ட நீதிமன்ற நீதிபதி டேவிட் ரோசன், ஜெருசலேமின் முன்னாள் மேயர்கள் இருவரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தார். அவர்களுள் ஒருவரான எஹூத் ஓல்மெர்ட், அதற்குப் பிறகு நாட்டின் பிரதமராகவே இருந்தவர். இன்னொருவர் யூரி லுபோலியான்ஸ்கி.

ஊரிலிருந்து நண்பர்கள் காணொளியில் அழைக்கும்போதெல்லாம் கைப்பேசியைச் சன்னல் பக்கம் திருப்பி, “இந்தக் கட்டடத்துக்காகத்தான் ஒரு பிரதமர் சிறைக்குப் போனார்” என்று சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. அப்படி ஒருமுறை நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுத் திருத்தியவர் எதிர்வீட்டில் தனியாக இருந்த மூதாட்டி. ஷிராஸில் பிறந்து, சிறுமியாக இருந்தபோது பெற்றோருடன் வந்தவர். ஓர் அச்சகத்தில் பல ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்து ஓய்வு பெற்றவர். இஸ்ரேலில் வயது வேறுபாடு பார்க்காமல் எல்லோரையும் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். எனக்கு அது நாவில் வரவில்லை. நான் அவரைப் பாட்டி என்றே அழைத்தேன். பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அவரும் வேறு பெயருக்குத் திரும்ப என்னை விடவில்லை.

“தப்பாகச் சொல்கிறாய். அந்தக் கோபுரத்துக்காக அவர் வாங்கியதாகச் சொல்லப்பட்ட ஐந்து லட்சம் ஷெக்கல் விஷயத்தில், சந்தேகத்தின் பலனை அளித்து உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. அவர் சிறைக்குப் போனது வேறொரு நிலத் திட்டத்துக்காக வாங்கிய அறுபதாயிரத்துக்கு. மற்றவர்கள் விஷயம் வேறு” என்றார் பாட்டி. நான் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. 2015 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பு, ஆறு ஆண்டுத் தண்டனையைப் பதினெட்டு மாதங்களாகக் குறைத்திருந்தது. 2016 பிப்ரவரியில் ரம்லாவிலுள்ள மாசியாகு சிறைக்குள் சென்ற ஓல்மெர்ட், இன்னொரு வழக்கின் தண்டனையும் சேர்ந்து, 2017 ஜூலை வரை அங்கே இருந்தார். ஆனால் எங்கள் தெருவில் எவரைக் கேட்டாலும் அது ஓல்மெர்ட் கோபுரம்தான். நீதிமன்றம் நூற்றுக்கணக்கான பக்கங்களில் பிரித்துப் பார்த்த நுணுக்கத்தை ஒரு தெருவால் சுமக்க முடிவதில்லை. தவறு செய்தவர் செய்யாத தவறையும் சேர்த்தே சுமக்கிறார். இதைப் பற்றி நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். ஊழலை வெறுப்பவர்களுக்குத் துல்லியமாகப் பேசும் கடமை கூடுதலாக இருக்கிறது என்பதைப் பாட்டியிடம்தான் கற்றேன். மெய்ப்புப் பார்ப்பவரின் கண் அவருக்கு இன்னும் போகவில்லை.

மற்றொரு மேயரின் கதை எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. லுபோலியான்ஸ்கி 1976இல் யாத் சாரா என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியவர். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், பிராணவாயுக் கருவி போன்றவற்றை யாருக்கு வேண்டுமானாலும் கடனாகத் தரும் நிறுவனம் அது; அதன் உதவியைப் பெறாத குடும்பம் ஜெருசலேமில் குறைவு. அவர் லஞ்சமாகப் பெற்றதாக நிரூபிக்கப்பட்டது, அந்த நிறுவனத்துக்கு வந்த நன்கொடைகள். தம் பைக்கு அவர் எடுத்துக்கொள்ளவில்லை. உடல்நிலையைக் கருதி அவருடைய சிறைத் தண்டனை சமூகப் பணியாக மாற்றப்பட்டது. பாட்டி வீட்டுக்குள் பிடித்து நடக்கும் வாக்கர் யாத் சாராவிலிருந்து வந்தது. “இதன் நான்கு கால்களில் ஒன்றாவது அந்தப் பணத்தில் வந்திருக்குமோ என்று சில நாள் தோன்றும். ஆனாலும் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன்” என்று ஒருநாள் சொன்னார். நல்ல காரியத்துக்குப் போன லஞ்சமும் லஞ்சமே என்ற நீதிமன்றத்தின் முடிவை நான் முழுமையாக ஏற்கிறேன். ஏற்பதால் அந்த வாக்கர் பாட்டிக்குத் தேவையில்லாமல் போய்விடாது.

வாக்கர் வீட்டுக்குள் மட்டும்தான் உதவும். படிக்கட்டில் இறங்க அவருக்கு ஒரு கை கம்பியிலும் ஒரு கை யாருடைய தோளிலாவதும் வேண்டும். கட்டடத்துக்கு வெளிப்புறமாக லிஃப்ட் ஒன்று கட்டிக்கொள்ள, குடியிருப்போர் குழு நான் வருவதற்கு முன்பே விண்ணப்பித்திருந்தது. ஒரு வரைபடம் திருப்பி அனுப்பப்படும், ஒரு சான்றிதழின் காலம் முடிந்துபோகும், ஓர் அலுவலர் மாறிவிடுவார், கோப்பு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். கீழ்த்தளத்தில் இருந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்தான் குழுவின் தலைவர். மொராக்கோவில் பிறந்தவர், வாழ்நாள் முழுவதும் லிகுத் கட்சிக்கே, அதாவது நெதன்யாகுவின் கட்சிக்கே, வாக்களித்தவர். ஒவ்வொரு முறையும் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்து, படிக்கட்டின் முதல் படியில் உட்கார்ந்து, சன்னல் வழியே தெரியும் குன்றைக் காட்டி, “அவர்களுக்கு ஒரு மச்செர் இருந்தான், நமக்கு இல்லை” என்பார். மச்செர் என்றால் காரியம் முடித்துத் தரும் இடைத்தரகர். ஹோலிலேண்ட் வழக்கின் முக்கிய அரசுத் தரப்புச் சாட்சியே அப்படிப்பட்ட ஒருவர்தான்; விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே அவர் இறந்துபோனார்.

இத்தகைய சொற்களை மொழிப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தருவதில்லை, தெருவில்தான் கற்றேன். சிபாரிசுக்கு ‘புரோதெக்சியா’, செல்லமாக ‘வைட்டமின் P’. குறுக்கு வழியில் ஒப்பேற்றுவதற்கு ‘கொம்பினா’. ஏமாளிக்கு ‘ஃப்ரையர்’. வரிசையில் நிற்பவரும் வரி கட்டுபவரும் தாங்கள் ஃப்ரையர் ஆகிவிட்டோமோ என்ற அச்சத்தோடே நிற்பதை அங்கே பார்க்கலாம். ‘அர்னோனா’ என்னும் நகராட்சி வரியை அங்கே குடியிருப்பவரே கட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வீட்டின் சதுர மீட்டர்க் கணக்குப்படி. என் பெயரில் வந்த முதல் அர்னோனாச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குன்றைப் பார்த்தபோதுதான், இந்த ஊழல் வழக்குகள் எனக்கும் சம்பந்தப்பட்டவை என்று முதன்முதலாகத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் நான் மஹானே யெஹூதா சந்தையிலிருந்து காய்கறியும் ரொட்டியும் வாங்கி வந்து பாட்டியின் பங்கைக் கொடுத்துவிட்டு, யூதர்களின் ஓய்வுநாளான சபாத் தொடங்குவதற்கான சங்கு ஊதும்வரை அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். ஓட்டுநரும் காப்பிக்கு வருவார். அப்படியொரு நாள்தான் மோஷே கத்சாவ் பற்றிப் பேச்சு வந்தது. ஈரானின் யாஸ்தில் பிறந்து, அகதிக் கூடாரத்தில் வளர்ந்து, 2000ஆம் ஆண்டில் ஷிமோன் பெரெஸையே தோற்கடித்து இஸ்ரேலின் அதிபரானவர் அவர். அன்று ஈரானிய யூதர்களின் வீடுகளில் இருந்த பெருமையைப் பாட்டி விவரித்தபோது அவர் குரல் மாறியது. வானொலியில் அறிவிப்பு வந்ததும் அவருடைய அண்ணன் பக்கத்துக் கடைக்குப் போய் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தாராம். 2010 டிசம்பர் 30 அன்று அதே மனிதர் பாலியல் வன்முறைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். ஏழு ஆண்டு சிறை. தீர்ப்பளித்த மூவரில் இருவர் பெண்கள். தலைமை வகித்த ஜார்ஜ் கர்ரா ஓர் அரபு நீதிபதி.

“அண்ணன் கடைசிவரை நம்பவில்லை. நான் அன்றே நம்பினேன். அவரிடம் வேலை பார்த்த பெண்கள் சொன்னார்கள், நானும் வேலைக்குப் போனவள்தானே” என்றார் பாட்டி. ஓட்டுநர் ஒன்றும் பேசாமல் காப்பியை அருந்திக்கொண்டிருந்தார். தம்மவர் ஒருவர் உயர்ந்த இடத்துக்குப் போவதற்காக நெடுங்காலம் காத்திருந்த மக்களுக்கு, அவர் விழும்போது விழுவது ஒருவர் மட்டும் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் இஸ்ரேலின் எந்த ஊழல் வழக்கையும் பேச முடியாது என்று நினைக்கிறேன். லஞ்ச வழக்கில் சிறை சென்று மீண்ட, மொராக்கோ யூதரான அரசியல் தலைவர் அர்யே தெரி மறுபடியும் அமைச்சரானதும், 2023 ஜனவரியில் பத்துக்கு ஒன்று என்ற தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அவரை விலக்கியபோது அவருடைய ஆதரவாளர்கள் கொதித்ததும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை வெறும் குருட்டு விசுவாசம் என்று தள்ளிவிடுகிறார்கள். அது போதாது.

நான் இருந்த நான்கு ஆண்டுகளும் பெஞ்சமின் நெதன்யாகுவின் வழக்குகளோடு சேர்ந்தே ஓடின. சுருட்டும் ஷாம்பெயினும் நகைகளுமாக ஏறத்தாழ ஏழு லட்சம் ஷெக்கல் மதிப்புள்ள பரிசுகளைப் பெற்றார் என்பது ஒன்று. தமக்குச் சாதகமான செய்திகளுக்காக ஒரு நாளிதழ் அதிபருடன் பேரம் பேசினார் என்பது மற்றொன்று. ஒரு செய்தித் தளத்தின் ஆதரவுக்கு ஈடாகத் தொலைபேசி நிறுவனம் ஒன்றுக்குச் சலுகை காட்டினார் என்பது மூன்றாவது. மூன்றையும் அவர் மறுக்கிறார், தீர்ப்பு வரவில்லை. 2022 கோடையில் ஒரு சாட்சி, சுருட்டுகளை ‘இலைகள்’ என்றும் ஷாம்பெயினை ‘ரோஜா நிறத்தவை’ என்றும் குறிப்பிடுவார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்ன பிறகு, பல வாரங்களுக்குக் கீரைக் கடையில்கூட அந்தச் சொற்கள் காதில் விழுந்தன.

ஓட்டுநர் இவற்றில் எதையும் நம்பவில்லை. “தாஃப்ரு லோ தீக்” என்பார். ‘அவருக்கு ஒரு கோப்பைத் தைத்துவிட்டார்கள்’ என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் வழக்கை ஜோடிப்பது என்கிறோமே, அதைத்தான் ஹீப்ருவில் தைப்பது என்கிறார்கள். பாட்டியோ சனிக்கிழமை இரவுகளில் தம்முடைய பேத்தியை பால்ஃபோர் தெருவுக்குப் போகச் சொல்லி ஊக்குவிப்பவர்.

2020 கோடையிலிருந்து ஓராண்டுக்காலம் ஒவ்வொரு சனிக்கிழமையும் சபாத் முடிந்ததும், பிரதமரின் இல்லம் இருந்த பால்ஃபோர் தெருவிலும் அதை ஒட்டிய பாரிஸ் சதுக்கத்திலும் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். கறுப்புக் கொடிகள், முழவுகள், நீர்மூழ்கிக் கப்பல் ஊழலை நினைவூட்டும் காற்றடைத்த பெரிய நீர்மூழ்கிகள். ‘புஷா’, அதாவது ‘வெட்கம்’ என்ற ஒரே சொல் ஆயிரம் தொண்டைகளிலிருந்து எழுவதை நான் நடைபாதையில் நின்று கேட்டிருக்கிறேன். அயல்நாட்டவனான நான் அதில் குரல் சேர்க்கவில்லை. பாரிஸ் சதுக்கத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் கத்சாவ் வாழ்ந்த அதிபர் மாளிகை. அந்தத் தெருக்களில் வசிப்பவர்கள் இரைச்சலால் தூக்கமில்லை என்று வாரந்தோறும் புகார் சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. செப்டம்பர் இறுதியில், கொரோனா ஊரடங்கைக் காரணம் காட்டி, வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்ப் போராடக் கூடாது என்று சட்டம் வந்தது. பாட்டியின் பேத்தி அந்த வாரம் எங்கள் தெருமுனைச் சந்திப்பிலேயே கொடியோடு நின்றாள். ஓட்டுநர் அவளுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, “நீ செய்வது தப்பு” என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

தேர்தல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகளுக்குள் ஐந்து தேர்தல்; அவற்றில் மூன்றை நான் பார்த்தேன். தேர்தல் நாள் அங்கே விடுமுறை. நாடாளுமன்றத்துக்குக் கீழேயுள்ள சாக்கர் பூங்காவில் அன்று முழுவதும் இறைச்சி சுடும் புகை நிறைந்திருக்கும்.

நெதன்யாகு வழக்கின் விசாரணை தொடங்கிய நாள் 2020 மே 24. மாவட்ட நீதிமன்றம் கிழக்கு ஜெருசலேமின் சலாஹுத்தீன் தெருவில் இருக்கிறது. அன்று நோன்புப் பெருநாள் என்பதை எத்தனை செய்திகள் குறிப்பிட்டன என்று தெரியவில்லை. கொரோனாவால் அல் அக்சா பள்ளிவாசல் அடைக்கப்பட்டிருந்த பெருநாள் அது. அதன்மேல், பிரதமரின் வருகைக்காகத் தெருவில் காவல்துறைத் தடுப்புகள். சில நாள் கழித்து நான் அங்கே புளி வாங்கப் போனேன். அரபு மொழியில் புளிக்குப் பெயர் ‘தமர் ஹிந்தி’, இந்தியப் பேரீச்சை. ரமலான் மாதத்தில் பானம் செய்ய அதை நிறைய விற்பார்கள் என்பதால், சாம்பாருக்கு நான் அந்தக் கடைகளையே நம்பியிருந்தேன். கடைக்காரரிடம் விசாரணையைப் பற்றிக் கேட்டேன். “அர்னோனா கட்டுகிறேன். நாடாளுமன்றத்துக்கு வாக்கு எனக்கு இல்லை. அவர் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் என் வீட்டுக்கு மேல் ஓர் அறை கட்ட அனுமதி கிடைக்குமா?” என்று கேட்டுவிட்டு, புளியை எடைபோட்டுக் கொடுத்தார். கிழக்கு ஜெருசலேமின் பாலஸ்தீனர்களில் பெரும்பாலோர் குடியுரிமையற்ற நிரந்தர வசிப்பாளர்கள். என் சன்னலுக்கு எதிரேயிருந்த குன்றுக்கு அருகிலும், 1948 வரை அல் மாலிஹா என்ற பாலஸ்தீன கிராமம் இருந்தது. அதன் மினாரா இன்றும் நிற்கிறது. அந்தக் கடையிலிருந்து திரும்பி வந்த பிறகு, ஹோலிலேண்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மினாராவையும் சேர்த்தே பார்க்கலானேன்.

2023 ஜனவரியில் நீதித்துறையின் அதிகாரத்தைக் குறைக்கும் திட்டத்தை அரசு அறிவித்ததும், அதுவரை வெள்ளிக்கிழமைக் காப்பியில் கரைந்துவந்த கருத்து வேறுபாடுகள் கரைய மறுத்தன. மார்ச் 26 இரவு, அந்தத் திட்டத்தை நிறுத்தச் சொன்ன பாதுகாப்பு அமைச்சர் நீக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. டெல் அவிவில் அயலோன் நெடுஞ்சாலை மனிதர்களால் நிரம்பியது. மறுநாள் பல்கலைக்கழகங்களும் தொழிற்சங்கங்களும் வேலைநிறுத்தம் அறிவிக்க, விமானங்கள்கூடப் புறப்படவில்லை. எங்கள் ஆய்வகமும் மூடப்பட்டது. அன்று மாலை படிக்கட்டில் பாட்டியும் ஓட்டுநரும் உரத்த குரலில் சண்டையிட்டார்கள். உங்களைப் போன்றவர்கள் எங்கள் வாக்கைக் குப்பையில் போடுகிறீர்கள் என்று அவர். உங்கள் தலைவர் தப்பிப்பதற்காக நாட்டின் நீதிமன்றத்தையே விற்கிறீர்கள் என்று இவர். அதன்பின் இருவருக்கும் பேச்சு நின்றது. பாட்டி கீழே இறங்குவதையே நிறுத்திவிட்டார். அவருக்குத் தோள் கொடுப்பவர் பெரும்பாலும் ஓட்டுநர்தான். நான் வீட்டில் இருந்த நேரங்களில் உதவினேன். ஒரு வழக்கு ஆண்டுக்கணக்கில் முடியாமல் நடக்கும்போது, அதன் விலையை நீதிமன்றச் செலவுக் கணக்கில் தேடிப் பயனில்லை என்று அந்த இரண்டு வாரங்களில் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

பஸ்கா பண்டிகை முடியும் இரவில் மொராக்கோ யூதர்கள் மிமுனா கொண்டாடுவார்கள். அன்று வீட்டுக் கதவைத் திறந்து வைத்து, வருபவர் எவரானாலும் முஃப்லெத்தா என்ற மெல்லிய அப்பத்தை வெண்ணெயும் தேனும் தடவிக் கொடுப்பது வழக்கம். அந்த ஆண்டு அது ஏப்ரல் 12. இரவு எட்டரை மணிக்குப் பாட்டி என் கதவைத் தட்டினார். நல்ல உடை உடுத்தியிருந்தார். “திறந்த கதவுக்குள் போகாமல் இருப்பது பாவம்” என்றார். இறங்கக் கால் மணி நேரம் ஆனது. இரண்டாம் தளத் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது, கீழிருந்து எங்கள் குரலைக் கேட்டு ஓட்டுநர் மேலேறி வந்து, ஒன்றும் பேசாமல் தோளைக் கொடுத்தார். அன்றிரவு நீதித்துறையைப் பற்றி எவரும் பேசவில்லை. லிஃப்டைப் பற்றித்தான் பேசினார்கள். புதிய வரைபடம் ஒன்றை மேசைமேல் விரித்து, தேன் படாமல் பார்த்துக்கொண்டார்கள்.

நான் புறப்பட்டு வந்த இரண்டாவது மாதம் அக்டோபர் 7 வந்தது. அதற்குப் பின்னான போரையும் காசாவின் பேரழிவையும் இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியாக அடக்கும் துணிவு எனக்கில்லை. ஓட்டுநரின் பேரன் படைக்கு அழைக்கப்பட்டான். பாட்டியின் பேத்தி சனிக்கிழமைகளில் தொடர்ந்து தெருவில் நின்றாள், பணயக்கைதிகளின் படங்களோடு. பிரதமர் தம் வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறியது 2024 டிசம்பர் 10 அன்று. விசாரணை தொடங்கி நான்கரை ஆண்டுகள் கழித்து.

2025 நவம்பர் 30 அன்று, தீர்ப்பு வருவதற்கு முன்பே தமக்கு மன்னிப்பு வழங்கும்படி நெதன்யாகு அதிபர் ஹெர்சோக்கிடம் மனு அளித்தார் என்ற செய்தியைப் படித்ததும் பாட்டியை அழைத்தேன். ஓட்டுநரும் அங்கேதான் இருந்தார். செய்யாத குற்றத்துக்கு எதற்கு மன்னிப்பு என்று அவருக்கே அந்த மனுவில் வருத்தம் என்று பாட்டி சொன்னார். பின்னாலிருந்து அவர் மறுத்துக் குரல் கொடுப்பது கேட்டது. பாட்டி கைப்பேசியைச் சன்னலுக்கு வெளியே நீட்டினார். குன்றையும் கோபுரத்தையும் மறைத்துக்கொண்டு ஓர் இரும்புச் சாரம் நின்றது. நான்காம் தளம்வரை செங்குத்தான கூண்டு எழும்பியிருந்தது. கீழிரண்டு தளங்களுக்குக் கல் போர்த்தியும் ஆகிவிட்டது. மின் இணைப்புக்கு இன்னும் ஒரு கையெழுத்து வர வேண்டும் என்றார்.